எங்களுக்குக் குறைவது தன்னம்பிக்கை இல்லை

பெண்கள் நலம், பெண் முன்னேற்றம், நிறைவான வாழ்க்கை என்ற தலைப்புகளில் பேசியும் எழுதியும் பயிற்சி கொடுத்தும் வரும் உங்கள் எல்லோருக்கும், உங்களை அழைத்து மேடை அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

உங்கள் கூட்டங்களுக்கு விரும்பி வருகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "இவளுக்கு எதைச் சொன்னாலும் பிடிக்காது" என்று ஒதுக்கிவிடுவீர்கள். யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே பல பெண்களுக்கு அரிது. அந்த இடத்தை நீங்கள் தருகிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் மனம்விட்டுப் பேசிவிட்டுப் போனவர்கள் உண்டு. நீங்கள் சொன்ன ஏதோ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன படிப்பைத் தொடர்ந்தவர்களும் உண்டு. அதனால் இந்தக் கூட்டங்களே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

என் வழக்கு வேறு. எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் கடைசியில் நீங்கள் வந்து நிற்கிற இடம் பெண்ணின் மனசுதான். அவள் தன்னை நம்பவில்லை, தன்னை நேசிக்கவில்லை, முடியாது என்று சொல்லப் பழகவில்லை, பெரிதாகக் கனவு காணவில்லை. அவளுக்குள் ஏதோ பழுதாகிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்கிற மாதிரியே பேச்சு போகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்மையில் எது போதவில்லை என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் முதல் பதில் 'நேரம்' என்று வந்திருக்கும். அடுத்தது தூக்கம். அப்புறம் இரத்தத்தில் இரும்பு, கையில் பணம், சிலருக்கு வீட்டுக்குள் பாதுகாப்பு. தன்னம்பிக்கையும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆனால் எங்கோ கீழே.

நேரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலகம் முழுக்க ஒரு நாளில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1,640 கோடி மணி நேரம். அதில் 76.2 சதவீதம் பெண்களுடையது. தலைக்கு என்று பார்த்தால் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 4 மணி 25 நிமிடம், ஓர் ஆணுக்கு 1 மணி 23 நிமிடம். மூன்று மணி நேர வித்தியாசம். வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மேல். அதையே தனியாக ஒரு பகுதிநேர வேலை என்று சொல்லலாம். அதே அமைப்பு 2024இல் சொன்ன இன்னொரு கணக்கு: பராமரிப்புப் பொறுப்புகளால் சம்பள வேலைக்கே வர முடியாத பெண்கள் 70.8 கோடி. அதே காரணத்தால் வர முடியாத ஆண்கள் 4 கோடி.

இவர்களிடம் வந்துதான், "காலை ஐந்து மணிக்கு எழுந்து உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான். வேறு யாருடைய நேரத்திலிருந்தும் அதை எடுத்துக்கொள்ளும்படி நீங்கள் சொல்லவில்லையே. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுப் பரிந்துரை. ஆறு மணி நேரம் தூங்குகிறவளை ஐந்துக்கு இறக்கிவிட்டு, மிச்சமான நேரத்தில் தியானம் செய்யச் சொல்வதை நலம் என்று எப்படிச் சொல்வது? ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்றால், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் எல்லோரும் இந்நேரம் உலகத்தை ஆண்டுகொண்டிருக்க வேண்டும்.

அந்த நாலேகால் மணி நேரச் சொச்சமும் முழுக் கணக்கு இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆலிசன் டாமிஞ்சர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி, வீடு நடத்துவதில் உள்ள மூளை வேலையை நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது. அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது. எதைச் செய்வது என்று முடிவெடுப்பது. எடுத்த முடிவு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் ஓரளவு சேர்ந்தே இருந்தார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன. அதிகாரம் உள்ள கட்டத்தில் இருவரும் இருக்கிறார்கள், அலுப்பு உள்ள கட்டங்களில் அவள் மட்டும் இருக்கிறாள்.

குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனது அப்பாவாக இருக்கலாம். நல்லதுதான். தேதி நெருங்குகிறது என்று நினைவு வைத்திருந்தது யார்? அன்றைக்கு அவருக்கு வேறு வேலை உண்டா என்று முன்பே கேட்டு வைத்தது, தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தது, இரவில் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எழுந்தது யார்? நேரக் கணக்கெடுப்பு வந்தால் அப்பா பெயரில் ஒரு மணி நேரம் பதிவாகும். மற்றதெல்லாம் எந்தக் கட்டத்திலும் எழுதப்படாது. பகல் முழுக்க மண்டைக்குள் இந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறவளிடம் "இந்தக் கணத்தில் வாழுங்கள்" என்றால் அவள் சிரிப்பாள். சிரித்திருக்கிறோம். நீங்கள்தான் கவனிக்கவில்லை.

திருமணமாகாதவர்களையும் நீங்கள் மறந்துவிடுகிறீர்கள். உங்கள் எடுத்துக்காட்டுகளில் வரும் பெண்ணுக்கு எப்போதும் ஒரு கணவனும் இரண்டு குழந்தைகளும் இருப்பார்கள். அண்ணன் தம்பிகள் இருக்க, வயதான பெற்றோரின் மருந்துச் சீட்டு முதல் வங்கி வேலை வரை தனியாளாகச் சுமக்கும் மகள்கள் உங்கள் அரங்கில் நிறைய இருக்கிறார்கள். "அவளுக்கென்ன, தனிக்கட்டை, நேரம் இருக்கும்" என்று குடும்பமே முடிவு கட்டிவிட்ட பெண்கள் இவர்கள்.

இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம். பயிலரங்கில் பாதி நாளை இதற்கே கொடுங்கள். தான் நினைவு வைத்திருக்காவிட்டால் வீட்டில் எதெல்லாம் நின்றுபோகும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். அதில் ஏதாவது ஒரு வேலையை, நினைவு வைப்பதிலிருந்து கடைசிவரை, முழுதாக இன்னொருவர் கையில் கொடுப்பது எப்படி என்று பேசுங்கள். கேட்கும் முதல் வாக்கியத்தை அங்கேயே பேசிப் பழக வையுங்கள். அப்படி ஒப்படைத்த வேலை முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் நடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். அதற்குள் புகுந்து எடுத்துச் செய்துவிட்டால் கதை முடிந்தது, மறுபடி அவள் வேலைதான். இந்த இடத்தைக் கடப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். "கணவரிடம் உதவி கேளுங்கள்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனால், கேட்பது என்ற இன்னொரு வேலையும் அவளிடமே சேர்கிறது. முடிந்தால் அந்தப் பாதி நாளுக்கு ஆண்களையும் உட்கார வையுங்கள். வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம், கூப்பிட்டுப் பாருங்கள்.

சரி, உங்களுக்குப் பிடித்த தன்னம்பிக்கைக்கே வருகிறேன்.

கைகளை இடுப்பில் ஊன்றி, காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நிற்கச் சொல்கிறீர்கள். நின்றால் உடம்பின் ஹார்மோன்களே மாறும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை. 2015இல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தது. தெம்பாக உணர்ந்ததாக நின்றவர்கள் சொன்னார்கள். ஹார்மோன்களில் மாற்றம் இல்லை, துணிந்து முடிவெடுப்பதிலும் இல்லை. 2016இல், முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியர் டேனா கார்னியே, இந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என வெளிப்படையாக எழுதிவிட்டார். ஆய்வு செய்தவரே கைவிட்ட பிறகும் மேடைகள் விடவில்லை. நிற்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, நாற்காலியிலிருந்து எழுந்தால் முதுகுக்கு நல்லதுதான். அறிவியல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தன் தகுதியைத் தானே சந்தேகிக்கும் மனநிலையைப் பற்றியும் அடிக்கடி பேசுகிறீர்கள். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் பலரிடம் கண்ட ஓர் அனுபவமாகத்தான் இதை எழுதினார்கள். மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் இது இல்லை. மேடையில் ஏறியதும் எப்படியோ இது ஒரு வியாதியாகிவிட்டது, குணப்படுத்த மூன்று அமர்வுகள் கொண்ட பயிற்சியும் தயாராகிவிட்டது. கூட்டத்தில் வாயைத் திறக்கும்போதெல்லாம் பாதியில் வெட்டப்படுகிறவளுக்குத் தன் பேச்சின் மதிப்பைப் பற்றிச் சந்தேகம் வரத்தான் செய்யும். வெட்டுகிறவருக்கு ஓர் அமர்வு வைத்தால் செலவும் குறையும்.

"கேளுங்கள், கிடைக்கும்" என்பது இன்னொன்று. சம்பளத்தைப் பேரம் பேசப் பெண்கள் தயங்குகிறார்கள் என்று கடிந்துகொள்கிறீர்கள். ஹன்னா ரைலி பௌல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் ஆகியோரின் 2007 ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. அதிகச் சம்பளம் கேட்ட பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய, மதிப்பிட்டவர்கள் தயங்கினார்கள். அதையே கேட்ட ஆணுக்கு அந்த அளவுக்குத் தண்டனை விழவில்லை, குறிப்பாக மதிப்பிடுகிறவர் ஆணாக இருந்தபோது. ஆக, தயங்குகிறவள் பயந்தாங்கொள்ளி இல்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் படித்துக் கணக்குப் போடுகிறாள், கணக்கும் சரியாகவே இருக்கிறது. எந்தப் பதவிக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை சம்பளம் என்று நிறுவனம் வெளிப்படையாக அறிவித்துவிட்டால் இந்தப் பேர நாடகத்தில் பாதி தேவைப்படாது. உங்களை அழைத்த நிறுவனத்திடம் இதைச் சொல்ல உங்களுக்கு மேடையும் ஒலிவாங்கியும் இருக்கின்றன. எங்களுக்கு இல்லை.

அடுத்தது உடம்பு. உங்கள் மேல் எனக்கு அதிகக் கோபம் இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒருத்தி எழுந்து, "எப்போதும் அசதியாகவே இருக்கிறது, எதிலும் மனசு போகவில்லை" என்கிறாள். நன்றியுணர்வுக் குறிப்பேடு எழுதச் சொல்கிறீர்கள். உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தில் மூன்று பேர். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அந்த எண் சரியாகவே இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை உண்டு. படிக்கட்டு ஏறினால் படபடப்பு, மூச்சு வாங்கல், கவனச் சிதறல், காரணமில்லாத எரிச்சல், எதையும் தொடங்க முடியாத மந்தம் எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதில் பாதி வரும், அந்தக் கோளாறும் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். நீங்கள் 'உந்துதல் குறைவு' என்று பெயர் வைத்ததற்கு ஒரு சொட்டு இரத்தம் வேறு பெயர் சொல்லக்கூடும்.

இரும்பு ஏன் குறைகிறது என்று கேட்டால் பல பெண்களிடம் பதில் மாதவிடாயில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பது, கட்டி கட்டியாகப் போவது எல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. "எல்லோருக்கும் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி யாரும் சொல்வதில்லை. வலியும் அப்படியே. கருப்பையின் உட்சுவர்த் திசுவைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது. பெயர் தெரியவே வருடக்கணக்கில் ஆகிறது. காரணங்களில் ஒன்று, வலியைத் தாங்குவதுதான் பெண்ணின் வலிமை என்று சொல்லிக்கொடுத்திருப்பது. உங்கள் மேடைகளிலும் அந்த வசனம் கைதட்டல் வாங்குகிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் 'இரண்டாவது இன்னிங்ஸ்' பற்றிப் பேசுகிறீர்கள், மாதவிடாய் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது 45க்கும் 55க்கும் இடையில் வரும், அதற்குச் சில வருடங்கள் முன்பே உடம்பு மாறத் தொடங்கிவிடும். அடிக்கடி உடல் கொதித்து வியர்க்கும் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அந்தத் தொல்லையின் இடைநிலைக் காலம் 7.4 வருடங்கள் என்று தெரிந்தது. ஏழரை வருடம் என்றால் சும்மா இல்லை. இரவில் மூன்று முறை விழித்து, காலையில் தெரிந்த பெயர்கூட நாக்கில் வராமல் தவிக்கும் ஒருத்தி, பொறுப்பான பதவியில் இருக்கும் அதே வயதில், "எனக்குத் திறமை போய்விட்டது" என்று தனக்குள் முடிவு செய்துகொள்கிறாள். அவளுக்கு இது இன்னது, இதற்குச் சிகிச்சை உண்டு, ஹார்மோன் சிகிச்சை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம் என்ற ஐந்து நிமிடத் தகவல் போதும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும் அந்த வருடங்களில் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடையைக் குறை என்று இத்தனை வருடம் சொன்ன வாயால், எடையைத் தூக்கு என்றும் சொல்லுங்கள்.

மருந்துகூட எங்கள் உடம்பை வைத்து அளக்கப்படவில்லை என்பதற்கு ஓர் உதாரணம். ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். பெண்களுக்கு அதன் அளவைப் பாதியாக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013இல். மறுநாள் காலையில் பெண்களின் இரத்தத்தில் மருந்து அதிகம் மிஞ்சி நிற்கிறது, வண்டி ஓட்டினால் ஆபத்து என்று தெரிய இருபது வருடம் ஆனது. 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கும்படி அதே அமைப்பின் வழிகாட்டுதல் இருந்தது. இந்தப் பின்னணியில் ஒருத்தி "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றால் அதை மனப்பிரமை என்று சொல்லாத மருத்துவரைக் கண்டுபிடிப்பது எப்படி, சந்திப்பு அறையில் அறிகுறிகளை எப்படி வரிசையாகச் சொல்வது, இன்னொரு மருத்துவரின் கருத்தை எப்போது கேட்பது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள். அதற்கு வருகிறோம், கட்டணமும் கட்டுகிறோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு மறுக்கப்பட்டிருந்த, வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தேர்வுகளைச் செய்யும் திறன் விரிவடைவதுதான் அதிகாரம் பெறுதல் என்று பொருளியலாளர் நைலா கபீர் 1999இல் எழுதினார். அதன் முதல் கூறாக அவர் வைத்தது வளங்களை. மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. கூலியைப் பெண்ணின் பெயரில் உள்ள தனி வங்கிக் கணக்கிலேயே போட்டு, அதை எப்படி இயக்குவது என்று சொல்லியும் கொடுத்தபோது, பெண்கள் வேலைக்குப் போவது கூடியது, பெண் வேலைக்குப் போவதைப் பற்றிய பார்வையும் கொஞ்சம் தளர்ந்தது. ஊக்க உரை எதுவும் இல்லை. ஒரு கணக்கு, ஒரு சிறு பயிற்சி. 'செல்வத்தை ஈர்க்கும் மனநிலை' பற்றிப் பேசும் நேரத்தில், அரங்கில் உள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தன் கணக்கின் கடவுச்சொல் தனக்கு மட்டும் தெரியும், எத்தனை பேர் வீட்டின் கடன் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதில் மிகுந்த கவனம் வேண்டும். உலகில் மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருக்கிறாள், பெரும்பாலும் துணைவரிடமிருந்து. 90 பேர் கொண்ட அரங்கில் சராசரியாக 30 பேர். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு "மன்னித்துவிடுங்கள், மனம் லேசாகும்" என்றோ, "எதிர்மறை மனிதர்களைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வாருங்கள்" என்றோ சொல்லாதீர்கள். முதலாவது அவளை அங்கேயே கட்டிப்போடும். இரண்டாவது, ஏற்பாடு எதுவும் இல்லாமல் நடந்தால், உயிருக்கே ஆபத்து. வெளியேறும் நேரம்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தான நேரம். உதவி எண்ணைக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். மேடையில் இதைப் பற்றி வேறெதுவும் பேச வேண்டாம், பயிற்சி பெற்ற ஆலோசகர் பக்கத்தில் இருந்தால் தவிர.

நிறைவான வாழ்க்கைக்கு வருவோம். இதற்கு நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 1938இல் ஹார்வர்டில் தொடங்கி இன்றுவரை நடப்பது. நல்ல உறவுகள்தான் நீண்ட, ஆரோக்கியமான வாழ்க்கையின் அடித்தளம் என்று சொல்வது. நல்ல ஆய்வுதான். அதில் முதலில் சேர்க்கப்பட்ட 724 பேரும் ஆண்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. மனைவிகளைச் சேர்த்தது பல பத்தாண்டுகள் கழித்து. உறவுகள் ஆண்களைக் காப்பாற்றின என்றால், அந்த உறவுகளை யார் உட்கார்ந்து பேணினார்கள்? பிறந்தநாளை நினைவு வைத்தது யார்? முறிந்த பேச்சைத் திரும்பத் தொடங்கியது யார்? பெண்ணுக்கு உறவுகள் தெம்பும் தருகின்றன, வேலையும் தருகின்றன. எந்த உறவு எதைத் தருகிறது என்று பிரித்துப் பார்க்க உதவினால் அது உருப்படியான காரியமாக இருக்கும். குறிப்பாகத் தோழிகள். நாற்பது வயதில் ஒரு பெண்ணின் நாளிலிருந்து முதலில் வெட்டப்படுவது தோழிகளுக்கான நேரம்தான்.

அப்புறம் இந்த 'ஆர்வத்தை வருமானமாக்குங்கள்' என்ற உபதேசம். ஒருத்தி பாட்டுப் பாடுகிறாள் என்றால் வகுப்பு எடு என்கிறீர்கள், தைக்கிறாள் என்றால் விற்பனைக்கு இணையப் பக்கம் தொடங்கு என்கிறீர்கள். வருமானம் தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் யாருக்கும் பயன்படாத ஒன்றைச் சும்மா செய்துகொண்டிருக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையா? சுமாராகப் பாடிக்கொண்டு, யாருக்கும் காட்டாத படங்களை வரைந்துகொண்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம் கதை படித்துக்கொண்டு இருக்கலாமே. ஓய்வுக்குக்கூட "ஓய்வெடுத்தால் குடும்பத்தை இன்னும் நன்றாகக் கவனிக்கலாம்" என்று காரணம் சொல்கிறீர்கள். அவள் தூங்குவதும் பிறருக்காகத்தானா? உலக நலவாழ்வுக் கழகத்தின் மதிப்பீட்டில், 2023இல் நலவாழ்வுச் சந்தையின் அளவு 6.3 லட்சம் கோடி டாலர். அத்தனை பெரிய சந்தையில், எதுவும் செய்யாமல் இருக்கும் ஒரு மத்தியானத்தை விற்க யாருக்கும் வழி தெரியவில்லை போலும்.

ஊக்கக் கதைகளையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள். உங்கள் கதைகளில் எப்போதும் ஒற்றைப் பெண். எல்லோரும் எதிர்த்தும் தனியாகப் போராடி, தூங்காமல் உழைத்து, உச்சிக்குப் போனவள். கேட்கும்போது சிலிர்க்கிறது, வீட்டுக்குப் போனதும் "என்னால் அப்படி முடியவில்லையே" என்று இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போகிறோம். ஐஸ்லாந்தின் கதையைச் சொல்லிப் பாருங்களேன். 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். அலுவலக வேலையை மட்டும் இல்லை, வீட்டு வேலையையும் குழந்தை பார்ப்பதையும் சேர்த்து. பள்ளிகளும் மீன் தொழிற்சாலைகளும் முடங்கின. அப்பாக்கள் குழந்தைகளை வேலையிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரெய்க்யாவிக் நகரில் மட்டும் சுமார் 25,000 பெண்கள் திரண்டார்கள். மறு ஆண்டே சம ஊதியச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில், 1980இல், விக்தீஸ் ஃபின்போகாதோத்திர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் வாக்களித்து ஒரு பெண் நாட்டின் அதிபரானது உலகில் அதுவே முதல் முறை. அன்று நிறுத்தியவர்களில் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் தன்னம்பிக்கை இல்லாதவர்களும் கட்டாயம் இருந்திருப்பார்கள். அது தடையாக இருக்கவில்லை, ஏனென்றால் யாரும் தனியாகச் செய்யவில்லை.

நிறுவனங்களுக்குச் சில வார்த்தைகள். வருடத்துக்கு ஒரு நாள் பூங்கொத்தும் ஒரு பேச்சாளரும் என்று முடித்துக்கொள்ளாதீர்கள். அந்த மார்ச் 8 என்ற தேதியே, 1917இல் ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரத்து நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்தி, ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த நாள். பேச்சாளருக்குக் கொடுக்கும் பணத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். முடிவு அவரவர் கைக்கு மட்டும் போக வேண்டும், மேலாளர் கைக்கு இல்லை. தந்தையருக்கான விடுப்பு இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பவர்கள், அதை எத்தனை பேர் எடுத்தார்கள், எடுத்தவர்களுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனதா என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைக்கிற பழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

நிகழ்ச்சியை வேலை நேரத்துக்குள் வையுங்கள். விடுமுறை நாளில் வைப்பதாக இருந்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் ஏற்பாடு செய்துவிட்டு அழைப்பிதழில் அதைப் பெரிதாகப் போடுங்கள். கேள்வி நேரத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், முதலில் வைத்துவிடுங்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து போயிருப்பார்கள். உங்களிடம் கேட்க வேண்டியது அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் ஒருத்தி